உனக்குச் சொல்லாமல் விட்ட எண்

இளங்கோ,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. சமையல்காரர் வந்து பட்டியல் கேட்டுவிட்டுப் போனார். உன் அம்மா, பத்திரிகை வைக்க விட்டுப்போன சொந்தங்களை நினைத்து நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த அமளியில் அப்பாவுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நீ நினைப்பாய். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான், போனில் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பேசிவிடலாம். கூப்பிடலாம் என்று போனை எடுத்து எடுத்து வைத்துத்தான் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. பேச ஆரம்பித்தால் நீ வழக்கம்போல் "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்து வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கும்போது என்மேல் கோபம் வரும். வரட்டும். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு இருபது வயதிருக்கும்போது எங்கள் ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுத்தாய், நினைவிருக்கிறதா? அன்று உன் ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவைத் தாண்டி இருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. அப்போது அது எச்சரிக்கைதான். இப்போது அது நோயாகவே மாறியிருக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நீ சோதித்துப் பார்க்க வேண்டும். நீ கட்டிக்கொள்ளப்போகிற கவிதாவுக்கும் தெரிய வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை மட்டும் எழுதி அனுப்பினால் நான் மறுபடியும் தப்பித்த மாதிரி ஆகிவிடும். ஏன் சொல்லவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் ஆற்காட்டில் உன் நிச்சயதார்த்தம். எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் உன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் நான்கு டம்ளர் குடித்தாய். இரண்டு முறை எழுந்து பின்பக்கம் போய்விட்டு வந்தாய். கவிதாவின் சித்தப்பா, "மாப்ள இன்னா சும்மா இளைச்சி ஹீரோ மாதிரி ஆய்ட்டாரு" என்று உன் தோளைத் தட்டினார். "கல்யாண டென்ஷன் மாமா" என்று நீ சிரித்தாய். உன் பெல்ட்டில் கம்பெனிக்காரன் போட்ட ஓட்டைகளுக்கு அப்பால், புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தாய். கோணலாக, ஆணியால் குத்தின மாதிரி. அந்த ஓட்டையைப் பார்த்ததும், கையில் எடுத்த மக்கன் பேடா இனிப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். முப்பது வருடம் இதே வேலை பார்த்தவன் நான். சாப்பாட்டைக் குறைக்காமல் ஒருவன் இளைத்தால், தாகம் தீராமல் தண்ணீர் குடித்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன். அன்றும் வாயைத் திறக்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் என்ன வேலை செய்தேன் என்று நீ ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை, நானும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால், "எங்கப்பா குழந்தைங்கள எடை போடுவாரு" என்று சொல்வாய். அதுவும் சரிதான். கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பிறக்கும் குழந்தைகளைத் துணித் தொட்டிலில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்போம். பிறகு அந்தக் குழந்தைகள் வளர வளரப் பின்னாலேயே போவோம். என்ன சாப்பிடுகிறார்கள், அந்தச் சாப்பாட்டை உடம்பு என்ன செய்கிறது, சேர்த்து வைக்கிறதா செலவழிக்கிறதா, எடை குறைவாகப் பிறந்தவன் பெரியவனானால் அவனுக்கு என்ன ஆகிறது, இதுதான் எங்கள் கேள்வி. கேட்க எளிதாக இருக்கும். பதில் தெரிய ஒரு குழந்தை ஆளாகும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். தலை நரைத்ததுதான் மிச்சம் என்று நான் சொன்னால் உன் அம்மா, "மிச்சம் இருக்கிற முடிய மட்டும் சொல்லுங்க" என்பாள்.

நீ பிறந்தபோது இரண்டு கிலோ நூறு கிராம். ஊர்க் குழந்தைகளை எடை போட்ட அதே தராசில் உன்னையும் போட்டுப் பார்த்தேன். அந்த முள் நின்ற இடத்தை என்னால் தாங்க முடியவில்லை. கிராமத்துத் தாய்மார்களிடம், "அவசரப்படாதீங்கம்மா, தாய்ப்பால் போதும், அது பாட்டுக்கு வளரும்" என்று காலையில் சொல்லிவிட்டு, மாலையில் உனக்குப் பால் பவுடர் டின்னோடு வீட்டுக்கு வருவேன். நெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, பாலில் ஊறவைத்த பிஸ்கட், நடுவில் ஒரு வாழைப்பழம். உன் அம்மா, "போதும்ங்க, கொழந்த வாந்தி எடுக்குது" என்பாள். நான் விடமாட்டேன். சமையலறைச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி வாராவாரம் உன் எடையைக் குறித்தேன். கோடு மேலே ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வயதில் நீ கொழுகொழுவென்று ஆகிவிட்டாய். தெருவில் உன்னைத் தூக்காதவர்கள் இல்லை.

பிறகு பல வருடம் கழித்து எங்கள் வேலையிலேயே ஒன்று தெரிய ஆரம்பித்தது. எங்களுக்கு மட்டுமில்லை, வேறு ஊர்களில் இதே வேலை செய்தவர்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்மியான எடையில் பிறந்த குழந்தையை அவசர அவசரமாகக் கொழுக்க வைத்தால், பின்னால் சர்க்கரை வரும் வாய்ப்பு ஜாஸ்தி. வயிற்றிலேயே பற்றாக்குறைக்குப் பழகிப் பிறந்த உடம்பு அது. உனக்கு இதனால்தான் வந்தது என்று எந்த ஆராய்ச்சியாளனும் அடித்துச் சொல்ல முடியாது. என் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது, அந்த வழியிலும் வந்திருக்கலாம். இப்படி நான் உன்னிடம் நியாயம் பேசலாம். ஆனால் அந்த முடிவுகளை முதல்முறை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் சமையலறைச் சுவர்தான். கிழித்துப் போட்டிருந்த தாளின் நான்கு மூலைப் பசை அப்போதும் சுவரில் இருந்தது.

இனி அந்தப் பரிசோதனை. கிராமத்தில் எடை குறைவாகப் பிறந்தவர்களோடு ஒப்பிட, வசதியான வீடுகளில் அதேபோல் பிறந்தவர்களும் சிலர் வேண்டியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. "நான் வர்றேன்ப்பா, காலேஜ் லீவுதான்" என்று நீயாகத்தான் வந்தாய். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு உட்கார வைத்து ஒருமுறை ரத்தம் எடுத்தோம். எலுமிச்சம்பழம் பிழிந்த குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தோம். வாங்கி வைத்திருந்த இட்லியில் ஆறைத் தின்றுவிட்டு, "ஆராய்ச்சின்னா இதான் ஆராய்ச்சி" என்று நீ சொன்னது அங்கிருந்த எல்லோருக்கும் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது.

அடுத்த நாள் காலை நான் ஆம்பூரில் இருந்தேன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ரத்தத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், கொடுத்தவரை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது, வீட்டாரிடம் சொல்லி அனுப்பவும் கூடாது. அதை நானே போய்ச் செய்வேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அன்று பார்க்கப் போனது எங்களுக்கு ரத்தம் கொடுத்திருந்த நவாஸ் என்ற இளைஞனை. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை, இருபத்து மூன்று வயது, அடுத்த மாதம் நிக்கா. அவன் அம்மா என்னை வாசலிலேயே மறித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார் போல.

"டாக்டர் சாப், ஒரே ஒரு மாசம் கம்முனு இருங்க. நிக்கா முடியட்டும். அப்பறம் நானே புள்ளய கூட்டிக்கினு வர்றேன். பொண்ணு வீட்ல தெரிஞ்சா பேஜாராய்டும் சாப்."

"அது அவன் ரத்தம்மா. அவனுக்குத்தான் மொதல்ல தெரியணும். மறைக்கிறதுக்கு எனக்கும் உரிமை இல்ல, உங்களுக்கும் இல்ல" என்றேன்.

"உங்களுக்கும் ஒரு புள்ள இருந்தா இப்பிடிப் பேசுவீங்களா?"

"இருக்கான்மா. அவனா இருந்தாலும் இதேதான் செய்வேன்."

இதைச் சொன்னேன், இளங்கோ. வாய் கூசாமல் சொன்னேன். உள்ளேயிருந்து நவாஸ் வந்து, "அம்மி, விடு. அவரு சொல்லட்டும்" என்றான். சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "நான் இன்னா பண்ணணும் சார்?" என்று மட்டும் கேட்டான். அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். திரும்பி வரும்போது வேனில் எனக்கு மனசு நிறைவாக இருந்தது. அன்றைய வேலை நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் ஆய்வகத்துக்கு வந்ததும் கலா தாளை நீட்டினாள். அங்கே ரத்தத்தை மெஷினில் ஓட்டிப் பார்க்கும் வேலை அவளுடையது. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யார் என்பது என் பதிவேட்டில் மட்டும் இருக்கும். உன் எண்ணுக்கு நேராக நூற்று எண்பத்தாறு என்று இருந்தது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும். இருநூறைத் தொட்டால் நோய். நடுவில் இருந்தால் எச்சரிக்கை. அந்த நிலையில் தெரிந்துவிட்டால் நடந்து, எடையைக் குறைத்து, பல பேர் அதைப் பல வருடம் தள்ளிப்போடலாம், சிலர் வராமலேயே தடுத்துவிடலாம். காலையில் நவாஸிடம் இதே வார்த்தைகளைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நான் பேனாவை எடுத்து உன் வரியை அடித்து, பக்கத்தில் "மாதிரி கெட்டுவிட்டது, நீக்கவும்" என்று எழுதினேன்.

கலா பார்த்துக்கொண்டே நின்றாள். "சாம்பிள் நல்லாதான் சார் இருந்துச்சு. ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்தேன். அதேதான் வந்துச்சு."

"எழுதினபடி போடும்மா."

"சரிங்க சார்" என்றாள். ஆனால் அன்றிலிருந்து, நீக்க வேண்டிய ஒவ்வொரு மாதிரிக்கும் என்னிடம் தனியாகக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தாள். நான் ஓய்வு பெறும்வரை வாங்கினாள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கை கூசும்.

ஏன் அப்படிச் செய்தேன்? உனக்குக் கடைசி வருடப் பரீட்சை இருந்தது, மனசு கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரீட்சை முடிந்தது. வேலை தேடும் நேரத்தில் வேண்டாம் என்றேன். வேலையும் கிடைத்தது. உண்மை அதுவல்ல. உன்னிடம் சொன்னால் நீ "ஏன்ப்பா?" என்று கேட்பாய். நான் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் வீட்டிலேயே இப்படி என்று யாராவது வாய்விட்டுச் சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதோ இருக்கும் என்று தேடாதே. வெட்கம்தான்.

சொல்லாமலேயே சரிசெய்துவிடலாம் என்றும் ஒரு குருட்டு நம்பிக்கை இருந்தது. ஒருநாள் திடீரென்று வீட்டில் அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு, கீரை, காலையில் நடை என்று ஆரம்பித்தேனே, நினைவிருக்கிறதா? "அப்பா ஆராய்ச்சிய வீட்லயே ஸ்டார்ட் பண்ணிட்டாரும்மா" என்று நீயும் அம்மாவும் சேர்ந்து என்னை ஓட்டித் தீர்த்தீர்கள். காரணம் சொல்லாமல் ஒருவனைக் களி தின்னச் சொன்னால் எத்தனை நாள் தின்பான்? மூன்றாவது வாரம் பழையபடி ஆகிவிட்டது. பிறகு நீ ஆம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை வருவாய். அம்மா உனக்குப் பிடித்ததாகச் செய்து வைப்பாள். நீ பிரியாணி பொட்டலத்தோடு வேறு வருவாய். நான் எதிரில் உட்கார்ந்து உன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பழக்கதோஷத்தில் மனசு கிராம் கணக்குப் போடும். வாய் மட்டும் திறக்காது.

நவாஸ் வருடாவருடம் பரிசோதனைக்கு வந்தான். தன் விஷயத்தைப் பெண் வீட்டாரிடம் அவனே போய்ச் சொன்னானாம். அவர்கள் யோசித்தார்கள், நிக்கா இரண்டு மாதம் தள்ளிப்போனது, ஆனால் நடந்தது. இப்போது இரண்டு குழந்தைகள். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு நடந்தே போகிறான். போன வருடம்வரை அவனுக்கு நோய் வரவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக வந்தபோது, "அப்ப அம்மி உங்கள திட்டாத நாள் இல்ல சார். இப்ப அஞ்சு வேளையும் உங்களுக்கு துவா கேக்குறாங்க" என்று சிரித்தான். அவனுக்குக் கொடுத்த இத்தனை வருடத்தை உனக்குக் கொடுக்கவில்லையே என்பதுதான் மனசில் ஓடியது. ஆராய்ச்சியில் நான் செய்த குளறுபடியை எழுதி, போன வாரம் எங்கள் பழைய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. அதுகூட எனக்குக் கஷ்டமாக இல்லை.

உன் அம்மாவுக்கும் செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நிறுத்தி, "ஒம்போது வருசமா அவன் தட்டுல நான் இன்னா இன்னா வெச்சேன்னு எதிர்லயே குந்திப் பாத்துக்கினுதான இருந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒரு வார்த்த எங்கிட்டயாவது சொல்லியிருந்தா, ஆசையா வெச்ச கையி அன்னிக்கே நின்னிருக்குமே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. நீ போன் செய்தால் அவளிடம் கோபப்படாதே. உனக்கு ஊட்டியதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. சர்க்கரை என்று தெரிந்தால் இடிந்து போய்விடாதே. உன் வயதில், இப்போதே கவனித்தால், நீண்ட காலம் நன்றாக இருக்கலாம். இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். சோற்றை எதிரியாகப் பார்க்காதே, அளவு தெரிந்து சாப்பிடு. எல்லாவற்றையும்விட, கவிதாவிடம் நீயே சொல். அவள் அப்பா வழியாக வேண்டாம், மாமா வழியாக வேண்டாம், அவளை உட்கார வைத்து நேராகச் சொல். கணக்கு டீச்சர், எண்ணைப் பார்த்துப் பயப்படுகிற பெண்ணாக எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவள் யோசிக்க நாள் கேட்டால் கொடு. மண்டபத்துக்கு முன்பணம், அச்சடித்த பத்திரிகை, சொந்தக்காரர்கள் வாய் என்று எதையும் நினைக்காதே, அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்பவர்களிடம், தப்பு என்னுடையது என்று சொல்கிறேன். அது பொய்யும் இல்லை. நீ சொல்லாமல் விட்டால் நான் போய்ச் சொல்வேனோ என்று பயப்படாதே. சொல்ல மாட்டேன். ஊரார் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இருந்த அந்த உரிமையை உன் விஷயத்தில் நானே தொலைத்துவிட்டேன். ஆனால் மறைத்துவிட்டு ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது உனக்கு வேண்டாம்.

அம்மா நேற்று ஒன்று சொன்னாள். "அவன வரச்சொல்லி நீங்களே ரத்தம் எடுத்துப் பாருங்களேன், உங்களுக்குத் தெரியாததா?" எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. கலாவுக்குப் போன் செய்தால் ஞாயிற்றுக்கிழமைகூட ஓடிவந்து செய்துகொடுப்பாள். ஆனால் வேண்டாம். என்னிடம் வராதே. எண் நல்லதாக வந்து நான் சொன்னால், அப்பா மறுபடியும் மறைக்கிறாரோ என்று உனக்குத் தோன்றும். தோன்றத்தான் வேண்டும். உன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே, என்னை யாரென்று தெரியாத ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு நாளைக் காலையில் சாப்பிடாமல் போ. தள்ளிப்போடாதே. ரிப்போர்ட்டை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், உன் கையில் கொடுக்கச் சொல். உறையை நீயே பிரி. முதலில் நீ படி. பிறகு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அவர்களுக்குச் சொல். எனக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் கேட்க மாட்டேன்.

அப்பா